இவானோவோ படுக்கை விரிப்பு: துணி பாஸ், வெட்டு பெயில்

கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். கரூரும் சென்னிமலையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊருக்கு ரஷ்யாவிலிருந்து பெட்ஷீட் வருகிறது. அங்கே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு வரும்போது பெட்டியின் அடியில் மடித்து வைத்துக் கொண்டுவருகிறார்கள். பிளாஸ்டிக் உறை, பூப்போட்ட அட்டை, அதில் படிக்கத் தெரியாத எழுத்து. வாங்கி வந்தவர்களுக்கும், வாங்கி வரச் சொல்லலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். துணி நல்ல துணி. அந்த விலைக்கு நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் அச்சு விரிப்போடு தைரியமாகப் போட்டி போடும். ஆனால் செட்டாகத் தைத்து விற்பதில் பாதி நம் கட்டிலுக்கும் தலகாணிக்கும் ஆகாது. கொண்டுவர ஆள் இருந்தால் செட்டை விட்டுவிட்டு மீட்டர் கணக்கில் துணியாக வாங்கச் சொல்லுங்கள்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் இந்தத் துணியின் குணம் புரியும். இவானோவோ மாஸ்கோவுக்கு வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில், ஊவத் என்ற ஆற்றங்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். திருப்பூரை விடச் சின்னது. கோயம்புத்தூருக்குத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று பட்டம் கொடுத்த மாதிரியே அதற்கு ரஷ்ய மான்செஸ்டர் என்று பட்டம். மில்களில் பெண்கள் கூட்டம் அதிகம் என்பதால் மணப்பெண்களின் ஊர் என்று இன்னொரு பட்டமும் உண்டு. 1871ல் இவானோவோ கிராமத்தையும் வஸ்னெசென்ஸ்க் குடியிருப்பையும் சேர்த்து ஒரே நகரமாக்கினார்கள். நீளமான அந்த இரட்டைப் பெயரை 1932ல் வெட்டி இவானோவோ ஆக்கினார்கள்.

அந்த ஊர் பெயரெடுத்தது நெசவை விட அச்சில்தான். தொடக்கத்தில் ஆளிநார்த் துணி, மரக்கட்டை அச்சு. கிராமமே ஷெரெமேத்யெவ் பிரபுக்களுக்குச் சொந்தம். அதிலிருந்த ஜனங்களும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், அந்த அடிமைக் குடியானவர்களே பட்டறை முதலாளிகளாகவும் ஆனார்கள். கிராச்சோவ் என்பவர் 1795ல் தன் விடுதலைக்காகப் பிரபுவுக்குக் கட்டிய தொகை 1,35,000 ரூபிள். விலைக்கு வாங்கப்பட வேண்டிய நிலையில் இருந்த ஒரு மனிதரிடம் அவ்வளவு பணம்! 1812ல் நெப்போலியன் வந்தபோது மாஸ்கோ எரிந்தது. அங்கிருந்த பட்டறைகளும் போயின. எரியாமல் தப்பிய இவானோவோவுக்கு ஆர்டர் கொட்டியது. இப்போதும் அங்கே அச்சிட்டு முடிக்கப்படும் துணியில் ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்து வரும் காடாதான், அதாவது தறியிலிருந்து இறங்கி இன்னும் வெளுக்காத துணி. சோமனூரில் ஓட்டிய காடா ஈரோட்டில் சலவையாகி அச்சாகிற மாதிரி. ஆகவே அட்டையில் ஊர்ப் பெயர் இருந்தால் அச்சும் தையலும் அங்கே என்று வைத்துக்கொள்ளலாம். நூலும் நெசவும் அங்கேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இனி பெட்டிக்குள் இருப்பது. நம்மாட்கள் கொண்டுவருவதில் பெரும்பாலானது பியாஸ் என்ற ரகம். சாதா நெசவு, முழுப் பருத்தி, குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல் இல்லை, அந்த வேலை செய்யாத கார்டிங் நூல். பியாஸ் என்ற சொல் துணியைக் குறிக்கும் பழைய அரபுச் சொல்லிலிருந்து துருக்கியர் வழியாக ரஷ்யாவுக்குப் போனது. பஜாஜ் என்ற வடக்கத்திக் குடிப்பெயருக்கும் அதே வேர்தான், துணி வியாபாரி என்று பொருள். இன்னொரு ரகத்தின் பெயர் நமக்கு இன்னும் நெருக்கம். சீத்தெஸ் என்கிறார்கள். பாட்டிமார் கட்டிய சீட்டிப் பாவாடையின் அதே சீட்டிதான். இந்தியாவிலிருந்து டச்சுக்காரர் கப்பலில் போன பூவச்சுத் துணியோடு பெயரும் சேர்ந்து போய்விட்டது. 1987ல் இவானோவோவில் சீத்தெஸுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பெயர் நம்முடையது என்பதற்காகச் சீத்தெஸ் விரிப்பு வாங்கிவிட வேண்டாம். மெல்லிசு, இளநெசவு, கவுனுக்கும் குழந்தைச் சட்டைக்கும் சரி, மெத்தையில் விரித்தால் நாலு மாதத்தில் நடுவில் நைந்துவிடும்.

பியாஸிலும் எடைக்கு எடை தரம் மாறும். சதுர மீட்டருக்கு 142 கிராம் என்பது நல்ல சரக்கு. 125, 120, அதற்கும் கீழே 100 வரை விற்கிறார்கள். அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை, மளிகைக் கடைத் தராசு போதும். ஒன்றரை ஆள் செட் என்று அவர்கள் சொல்லும் பலுத்தோர்னி அளவை எடுத்துக்கொள்வோம். ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) உறை 145க்கு 215 சென்டிமீட்டர், இரண்டு மடிப்பு. விரிப்பு 150க்கு 214. தலகாணி உறை 70க்கு 70ல் இரண்டு, உள்மடிப்போடு. மொத்தம் சுமார் 11.7 சதுர மீட்டர் துணி. 142 கிராம் துணி என்றால் செட் 1.65 கிலோ நிற்க வேண்டும். 1.4 கிலோ காட்டினால் அது 120 கிராம் துணி. 1.2க்குக் கீழே போனால் 100 கிராம். அதைத் தொடவே வேண்டாம். உறையையும் அட்டையையும் எடுத்துவிட்டு நிறுக்க வேண்டும், அட்டையே சில சமயம் நூறு கிராம் இருக்கும்.

நூல் கணக்கு தெரிந்தவர்களுக்கு: ரஷ்யாவில் நூலை டெக்ஸில் சொல்வார்கள், ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 590ஐ டெக்ஸால் வகுத்தால் நம் நம்பர் வந்துவிடும். பியாஸில் வழக்கமாக ஓடுவது 29 டெக்ஸ், அதாவது நம்ம 20ம் நம்பர். 142 கிராம் வர வேண்டுமானால் பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) சேர்த்து அங்குலத்துக்கு 115 இழைக்கு முன்னே பின்னே இருக்க வேண்டும். பிக் கிளாஸ் என்ற இழை எண்ணும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினால் 60க்கு 56 என்பதுபோல் வரும். நம்மூர் 20க்கு 20, 60க்கு 60 ஷீட்டிங் ஓட்டியவர்களுக்கு இது கைபட்ட துணி. மொத்த எண்ணிக்கை 97, 98 என்று வந்தால் அது 120 கிராம். இந்த இளநெசவில் இலவம் பஞ்சுத் தலகாணியைப் போட்டால் பஞ்சு இழை இடுக்கு வழியே வெளியே வந்து மூக்கில் ஏறும். உள்ளே ஒரு காடா உறை போட்டுத்தான் சமாளிக்க முடியும்.

பாப்ளின், சாட்டின் ரகங்களும் வருகின்றன. பாப்ளினில் பாவு மெல்லியது, ஊடை சற்றுத் தடிமன்; தொட மழமழப்பு, சித்திரை வெயிலுக்குப் பியாஸை விட இதமாக இருக்கும். சாட்டின் பளபளப்பு, ஆனால் மேலே மிதக்கும் இழை அதிகம் என்பதால் கால் கொலுசும் வெள்ளி மெட்டியும் மாட்டி இழுத்துவிடும். எச்சரிக்கை ஒன்று: பாலிசாட்டின் என்று எழுதியிருந்தால் அது பாலியஸ்டர். கண்ணுக்கு முன்னே எழும்பி நிற்கும் பெரிய ரோஜா, புலி முகம் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் வரும். ஓர இழை ஒன்றை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக உருண்டு நிற்கும். அட்டையில் 100 சதவீதம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஹ்லோப்பக் என்று எழுதியிருந்தால் பருத்தி. இவானோவோ ஜவுளி என்ற பெயருக்கு ரஷ்யா முழுக்க மவுசு உண்டு. எந்தச் சரக்கிலும் அதை ஒட்டிவிடுவார்கள், பவானி ஜமக்காளம் என்று கண்டதையும் விற்பது போல.

அளவில்தான் வில்லங்கம்.

நம்மூர் ஒற்றைக் கட்டில் மெத்தை 3 அடிக்கு 6¼ அடி, அதாவது 91க்கு 190 சென்டிமீட்டர். கயிற்று நார் மெத்தை 5 அங்குலக் கனம் என்று வைத்தால் 12.5 சென்டிமீட்டர். 150 அகல விரிப்பு இரு பக்கமும் 29 சென்டிமீட்டர் தொங்கும். கனம் போக 17 சென்டிமீட்டர் அடியில் செருகலாம், பிரமாதம். நீளத்தில்? 214ல் 190 போனால் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் 12 சென்டிமீட்டர் மட்டும். மெத்தைக் கனத்தைத் தாண்டுவதற்குள் துணி தீர்ந்துவிடும். முதல் சலவையில் பாவுப் பக்கம் 5 சதவீதம் வரை சுருங்கும். 214 என்பது 203 ஆகும். அப்புறம் மிச்சம் ஆறேழு சென்டிமீட்டர்தான். ராத்திரி ஒரு புரளல் புரண்டால் காலையில் விரிப்பு முதுகுக்கடியில் சுருட்டிக்கொண்டு கிடக்கும். தைத்தவர்கள்மேல் குற்றமில்லை. மெல்லிய மெத்தைக்கும் சோபாக் கட்டிலுக்கும் பழைய காலத்தில் போட்ட கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

யெவ்ரோ என்ற பெரிய செட்டில் விரிப்பு 220க்கு 240. இது நம் 5 அடிக்கு 6½ அடிக் கட்டிலுக்கு ஆகும். 6 அங்குல மெத்தை என்றால் சலவைக்குப் பிறகு நீளத்தில் சரியாக மெத்தையின் அடிவிளிம்பு வரை வரும், செருக மிச்சமிருக்காது; அகலத்தில் தாராளம். 6 அடி அகலக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் மூன்று சென்டிமீட்டர்தான் மிஞ்சும், அதுவும் சுருங்குவதற்கு முன்னால். 8 அங்குல மெத்தை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

தலகாணி உறை அதைவிட மோசம். அவர்களுடையது 70க்கு 70 சதுரம். நம்முடையது 17க்கு 27 அங்குலம். நீளம் ஒத்துப்போகும், அகலத்தில் ஒரு சாண் காற்று. உறையைத் திருப்பிப் போட்டு ஒரு பக்கத்திலிருந்து 47 சென்டிமீட்டரில் நேராக ஒரு தையல் ஓட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டால் பொருந்தும். வெட்டுவதற்கு முன் இரண்டு முறை துவைத்துவிட வேண்டும். செட் வாங்கும்போதே 50க்கு 70 உறை கேட்டால் இந்த வேலையே வேண்டியதில்லை. அந்த அளவும் அங்கே உண்டு, கேட்டால்தான் எடுப்பார்கள்.

ரஜாய் உறைக்கு நம்மூரில் ரஜாயே கிடையாது. அட்டையில் பதடியாள்னிக் என்று இருக்கும். சோவியத் காலத்தில் அதன் மேல்பக்க நடுவில் சாய்சதுரமாக ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள், கம்பளியை அதன் வழியே திணிப்பதற்கு. இப்போது பக்கவாட்டிலோ அடியிலோ திறப்பு. செட்டின் துணியில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போகிறது என்பதைக் கவனியுங்கள், 11.7ல் 6.2 சதுர மீட்டர். பிரித்தால் இரண்டு விரிப்பு கிடைக்குமே என்று கத்தரியை எடுக்கிறவர்கள் உண்டு. 145 அகலத்தில் அந்த விரிப்புக்கும் நீளக் குறை அதேதான். பேசாமல் அப்படியே துப்பட்டியாகப் போர்த்துவதே மேல். இரு மடிப்பும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 284 கிராம், நடுவில் நிற்கும் காற்று வேறு. மார்கழிக் குளிருக்குத் தாராபுரத்தில் தாராளம். வால்பாறை, கோத்தகிரிக்கு உள்ளே ஒரு மெல்லிய கம்பளி. திறப்பை மட்டும் கால்மாட்டில் வைத்து நாலு பட்டன் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தூக்கத்தில் கால் உள்ளே போய் மாட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று நடுத்தையல். பியாஸ் 150 அகலத்திலும் 220 அகலத்திலும் ஓடுகிறது. மலிவான பெரிய செட்டுகளில் 150 அகலத் துணியை ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவார்கள், ஒட்டுத் தையல் படுக்கையில் எங்கேயாவது உறுத்தும். பெஸ் ஷ்வா என்றால் ஒட்டில்லாதது. அந்த இரண்டு சொல்லைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அச்சுக்கு வருவோம். பியாஸில் மலிவானதெல்லாம் பெரும்பாலும் பிக்மென்ட் அச்சு. சாயம் இழைக்குள் போகாமல் பசையோடு மேலே ஒட்டி உட்கார்ந்திருக்கும். ரியாக்டிவ் அச்சு இழையோடு சேர்ந்துவிடும். கண்டுபிடிக்க மூன்று வழி. துணியைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வெளுத்திருந்தால் பிக்மென்ட். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், முத்தாக நின்று மெதுவாக இறங்கினால் பிக்மென்ட். வெள்ளைத் துணியால் உலர்ந்தபடியே அழுத்திப் பத்துத் தேய்ப்பு தேய்த்தால் அடர்நிறப் பகுதியில் சாயம் ஒட்டும். கருநீலம், மெரூன், கறுப்பு மூன்றும் இந்தப் பரீட்சையில் தோற்பவை. வெளிர் நிறத்தில் பிக்மென்ட்டாக இருந்தாலும் கவலையில்லை. சென்னிமலை விரிப்போடு இங்கேதான் வித்தியாசம் தெரியும். அது சாயம் போட்ட நூலில் நெய்தது, இரு பக்கமும் நிறம், திருப்பித் திருப்பிப் போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். கனமும் கூட. இவானோவோ அச்சுக்கு ஒரு முகம்தான். ஆனால் சென்னிமலைக்காரர் தறியில் கட்டமும் கோடும் போடுகிற இடத்தில் இவர்கள் பூத்தோட்டமே போடுகிறார்கள், அதில் இருநூறு வருடக் கைப்பழக்கம் தெரிகிறது.

அச்சு என்றதும் ஒரு சின்ன விலகல். 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் அந்த ஊர் மில்களில் பூவுக்குப் பதிலாக டிராக்டர், விமானம், பல்சக்கரம், ஆலைப் புகைக்கூண்டு என்று அச்சடித்தார்கள். அரசியல் பிரசாரத்தைப் பாவாடையில் ஏற்றும் ஏற்பாடு. அருங்காட்சியகத்தில் அந்தத் துணிகளைப் பார்க்கலாம். தொழிலாளர் அரசியலில் அந்த ஊருக்குத் தனிப் பெயரும் உண்டு: 1905ல் மில் தொழிலாளர்கள் 72 நாள் வேலைநிறுத்தம் செய்து, தால்கா ஆற்றங்கரையில் கூடித் தங்களுக்கென்று ஒரு பிரதிநிதிகள் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ரஷ்ய மொழியில் அதற்குப் பெயர் சோவியத். சோவியத் என்ற சொல் உலகத்துக்குத் தெரியவந்த கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. ரஷ்யாவின் பேர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஸ்லாவா ஸாய்த்செவ் 1938ல் பிறந்ததும் அங்கேதான்.

சலவையில் கெடுவது நம்மூர்த் தண்ணீரால். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்குப் பிரச்சினை இல்லை. போர் தண்ணீரில், அதிலும் பல்லடம், காங்கயம் பக்கத்து உப்புத் தண்ணீரில் பார் சோப் போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திப்பி திரண்டு துணியில் படியும். நாலு சலவையில் பியாஸ் அட்டை மாதிரி விறைத்துவிடும், துணி மட்டம் என்று பழியும் விழும். சலவைத் தூளோ திரவமோ போடுங்கள். கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். முதல் முறை சோப்பே இல்லாமல் ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் கஞ்சியும் மிச்சச் சாயமும் இறங்கும். கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டு நம்பிக்கை. பட்டறையில் சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. அச்சாகி முடிந்த துணியில் உப்பு ஒன்றும் செய்யாது. துவைக்கிற கல்லில் அடிக்கக் கூடாது. பிக்மென்ட் பசை உடைந்து மடிப்பு மடிப்பாக வெள்ளைக் கோடு விழும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போடுங்கள். தேய்ப்பதும் உள்பக்கமே, லேசான ஈரத்தில்.

இனி மீட்டர் கணக்கு. இவானோவோ நகரின் மொத்த விலை ஜவுளி வளாகங்களில் 142 கிராம் பியாஸை 220 அகலத்தில் வெட்டித் தருவார்கள். நம்மூர் வங்கி கொடுத்த விசா, மாஸ்டர் கார்டு 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவில் ஓடுவதில்லை, ரொக்க ரூபிள் வேண்டும். 5 அடிக்கு 6½ அடிக் கட்டில், 6 அங்குல மெத்தை, அடியில் 20 சென்டிமீட்டர் செருகல், 5 சதவீதச் சுருக்கம், ஓர மடிப்பு எல்லாம் சேர்த்து ஒரு விரிப்புக்கு 2.9 மீட்டர் நீளம் வேண்டும். தலகாணி உறைக்கு 1.7 மீட்டர் வாங்கினால் அந்த 220 அகலத்தில் 51 சென்டிமீட்டர் பட்டையாக நாலு விழும், உள்மடிப்போடு நாலு உறை. ஆக இரண்டு விரிப்பு, நாலு உறைக்கு 7.5 மீட்டர், எடை 2.35 கிலோ. பூ ஒரே திசையில் நிற்கும் டிசைனாக இருந்தால் உறையில் தலைகீழாக வரும் பக்கத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். வந்து சேர்ந்ததும் முழுத் துணியையும் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, அதற்குப் பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். மிச்சம் விழும் 16 சென்டிமீட்டர் பட்டையைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள், உறை வாய்க்குக் கட்டுக் கயிறு அதிலேயே வெட்டிவிடலாம்.